மறு: மணமகள் விடைபெறும் பாட்டு – பொதுச்சொல் என்ன?

ஐயா, வணக்கம்.

துருக்கியிலும் ருமேனியாவிலும் மணமகள் பிறந்த வீட்டைப் பிரியும்போது பாடும் பாட்டுகளுக்குத் தமிழில் ஒரு பொதுச்சொல் தேடுகிறோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு நீங்கள் சொன்ன ‘மருதாணிப் பாட்டு’ துருக்கியின் கினா கெஜெசிக்கு, அதாவது கல்யாணத்துக்கு முந்தைய மருதாணி இரவுக்கு, நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ருமேனியாவில் மணப்பெண்ணை அப்பா அம்மாவிடம் விடைபெறச் சொல்லிப் பாடும் பாட்டில் மருதாணிக்கு இடமே இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுச்சொல்தானே நமக்கு வேண்டும்? அக்கா சொன்ன ‘ஒப்பாரி’ கல்யாண வீட்டுக்கு வேண்டாம்.

எனக்கு முதலில் தோன்றியது ‘மகட்போக்கு’. ‘மகட்போக்கிய தாய் சொல்லியது’ என்று சங்கப் பாடல்களின் துறைக் குறிப்புகளில், அதாவது யார் எப்போது சொன்னது என்று பாட்டோடு தரும் குறிப்புகளில், வருமே, அதுதான். அழகான சொல், விட மனமில்லை. ஆனாலும் அது உடன்போக்கில், அதாவது வீட்டாருக்குத் தெரியாமல் காதலனோடு, போன மகளை நினைத்துத் தாய் புலம்புவது. இவர்கள் ஊரறியக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறார்கள். துருக்கியில் பாட்டும் பெரும்பாலும் மகளின் குரலில் வருகிறது.

துருக்கியின் ஐரோப்பியப் பக்கத்தில் இருக்கும் திரேஸ் பகுதியின் பெயர்பெற்ற பாட்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மணப்பெண்ணின் முகத்தைச் சிவப்புத் துணியால் மூடி, கையில் மெழுகுவத்தியோடு பெண்கள் சுற்றிவந்து பாடுவார்கள். அவளை அழவைப்பதற்கென்றே பாடுவதுதான். உயர்ந்த மலைமேல் வீடு கட்டவேண்டாம், தூர தேசத்துக்குப் பெண் கொடுக்கவேண்டாம் என்று தொடங்கும். அப்புறம், அப்பாவுக்கு ஒரு குதிரை இருந்து அதில் ஏறி வரக்கூடாதா, அம்மாவுக்குக் கப்பல் பாய் இருந்து அதை விரித்து வரக்கூடாதா என்று ஏங்கும். அந்த அப்பா பாட்டில் வாயே திறப்பதில்லை. ஆனாலும் எத்தனை மலை தாண்டிப் போனாலும் அவர் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை அந்தக் குதிரையில் இருக்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைப்பது அந்த இடத்தில்தான். புறப்படும் நாளில் அப்பாவோ அண்ணன் தம்பியோ அவள் இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள். இரண்டு முறை சுற்றி எடுத்துவிட்டு, மூன்றாம் முறை முடிச்சுப் போடுவது பல ஊர்களில் வழக்கம்.

அதனால் ‘பிறந்தகப் பாட்டு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. இந்தப் பாட்டுகளில் பெண் திரும்பிப் பார்ப்பது பிறந்தகத்தை. புக்ககம், பிறந்தகம் இரண்டுமே நம் வீட்டுப் பேச்சில் புழங்கும் சொற்கள், அகராதியைப் புரட்டவேண்டாம். அப்பா, அம்மா, அண்ணன் தம்பி எல்லாருக்கும் அந்தச் சொல்லுக்குள் இடமிருக்கிறது. ‘மருதாணிப் பாட்டு’ இதன் ஒரு வகையாக அப்படியே நிற்கட்டும். மணப்பெண்ணைச் சுற்றிப் பாடி அழவைக்கும் ‘கெலின் ஆலத்மா’ என்ற துருக்கிச் சடங்குக்கு ‘மணமகள் அழவைப்பு’ போதும்.

‘பாட்டு’ வேண்டாம், ‘பாடல்’ என்றே போடலாம் என்றாலும் சரி. ‘பிறந்தகம்’ மட்டும் இருக்கட்டும் ஐயா.