மெழுகு கேன்வாஸ் பையும் அதன் உள் ஓரமும்

வாணி: அத்தை, மெழுகு கேன்வாஸ் பைக்குப் பக்கத் தையல் இரண்டும் அடித் தையலும் போட்டாகிவிட்டது. லைனிங் கிடையாது. உள்ளே வெட்டிய ஓரம் அப்படியே தெரிகிறது. என்ன செய்யலாம்?

கார்த்தி: ஓரத்தில் நூல் சுற்றும் ஓவர்லாக் மெஷினில் அடித்துவிடு அக்கா, வேலை முடிந்தது.

மல்லிகா அத்தை: முடியாது, அப்போதுதான் தொடங்கும். அந்த மெஷினின் கத்தியிலும், நூலைக் கோக்கும் லூப்பரிலும் மெழுகும் பஞ்சும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்க நீ வருவாயா?

சேகர் மாமா: மெழுகு பூசிய துணியில்தான் நூல் பிரியாதே. அப்படியே விட்டால் என்ன?

மல்லிகா அத்தை: மெழுகு இருக்கும்வரை பிரியாது. சாவியும் புத்தகமும் உரசினால் அந்த ஓரத்தில்தான் முதலில் மெழுகு போகும். பிறகு பிசிறு தையல்வரை வந்துவிடும். சும்மா ஒரு சின்னப் பை என்றால் விட்டுவிடலாம். தினமும் தோளில் தொங்கப்போகிற பைக்கு ஓரம் கட்டியே ஆக வேண்டும்.

வாணி: பிரித்துவிட்டு, வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்து மறைக்கும் பிரெஞ்ச் தையல் போடட்டுமா? பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

மல்லிகா அத்தை: பிரிக்காதே. இந்தத் துணியில் ஊசி போன துளை மூடாது. தவிர, பிரெஞ்ச் தையலில் ஓரம் மட்டுமே நான்கு மடிப்பு. அடிமூலையை மடித்துத் தைக்கும்போது பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால், பையின் துணியோடு சேர்த்துப் பத்து மடிப்பு! வீட்டு மெஷின் அங்கே நின்றுவிடும். பிசிறைவிடத் தடிமனுக்குத்தான் பயப்பட வேண்டும்.

வாணி: அப்படியானால் இதே துணியில் பட்டை வெட்டி, ஓரத்தைச் சுற்றிப் பைப்பிங் கொடுக்கவா?

மல்லிகா அத்தை: அதுவும் தடிமன்தான். மெல்லிய பருத்தி நாடா போதும். தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறாய்?

வாணி: 12 மில்லிமீட்டர்.

மல்லிகா அத்தை: 20 மில்லிமீட்டர் நாடா எடுத்துக்கொள். ஓரம் நேராக இருப்பதால் கிராஸ் பீஸ், அதாவது குறுக்குவாட்டில் வெட்டிய பட்டை, தேவையில்லை. வளைவு இருந்தால்தான் அது வேண்டும். நாடாவைச் சரிபாதியாக மடிக்காதே. கீழே போகும் பக்கம் ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும். மேலே விளிம்பை ஒட்டித் தைத்தால் கீழேயும் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

வாணி: நாடாவை வைத்துக் குண்டூசி குத்திக்கொள்கிறேன்.

மல்லிகா அத்தை: துளை மூடாது என்று இப்போதுதானே சொன்னேன்! கிளிப் போடு. இஸ்திரிப் பெட்டியும் கிட்டே வரக் கூடாது, மெழுகு உருகிப் பெட்டியில் ஒட்டும். விரல் நகத்தால் அழுத்தினாலே மடிப்பு நிற்கும், அதுதான் இந்தத் துணியின் நல்ல குணம்.

சேகர் மாமா: என் மேஜையில் இருந்த கறுப்பு கிளிப்புகள் எங்கே போகின்றன என்று இப்போது புரிகிறது.

மல்லிகா அத்தை: வாணி, அவற்றை ஓரத் துணியில் மட்டும் மாட்டு. பையின் முகப்பில் பட்டால் தடம் விழும். விழுந்தாலும் ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டித் தேய்த்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

வாணி: ஊசி? நூல்?

மல்லிகா அத்தை: ஜீன்ஸ் ஊசி, 100 அல்லது 110. பாலியஸ்டர் நூல். தையல் நீளம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். நெருக்கமாகத் தைத்தால் துளை வரிசையிலேயே துணி கிழியும். மூலையை மடித்துத் தைப்பதற்கு முன்பே மூன்று ஓரங்களுக்கும் நாடா கட்டிவிடு. பிறகு மூலையில் ஒரு தையலை இடப்பக்கமும் எதிரே இருப்பதை வலப்பக்கமும் சாய்த்து வை. மேடு பாதியாகிவிடும். அந்த இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்று. கடைசியில் மூலை ஓரத்துக்கு நாடா கட்டும்போது பழைய நாடாக்களின் நுனிகளும் உள்ளே மறைந்துவிடும்.

கார்த்தி: மூலை நாடாவின் நுனியைத் தீக்குச்சியால் சுட்டுவிடலாமா?

மல்லிகா அத்தை: பருத்தி நாடா உருகாதடா, எரியும். மெழுகுத் துணி பக்கத்தில் தீக்குச்சியா? ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடித்துத் தைத்தால் போதும்.

வாணி: (புகைப்படம்) வெட்டுத் துணியில் ஒரு சாண் தைத்துப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் நாடா நழுவியிருக்கிறது.

மல்லிகா அத்தை: பார்த்தேன். கிளிப்புகளை நெருக்கமாகப் போடு, ஊசி கிட்டே வந்தபிறகு கழற்று. மேலே தையல் நேராக வந்திருக்கிறது. பையிலேயே தைக்கலாம்.