ஸ்கூட்டர் ஓட்டினாலும் காலடி ஏறுது, வார இலக்கு கெடுது – உதவி தேவை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, அவரவர் போனில் பதிவான கடந்த வாரக் காலடிச் சராசரியோடு 500 காலடி கூட்டி, ஞாயிறு இரவு வாட்ஸ்ஆப்பில் இலக்கு அனுப்புகிறோம். ஜூன் முதல் கணக்கு உதைக்கிறது.

வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டரில் வருபவர் போனை வண்டியின் முன்பக்கப் பெட்டியில் போட்டால், குலுங்குவதையெல்லாம் அடியாக எண்ணிவிடுகிறது. அடுத்த வார இலக்கும் அதோடு எகிறும். எட்ட முடியாமல் மனுஷர் சோர்ந்து நின்றுவிடுகிறார். அதுதான் வேதனை. புடவை கட்டும் பெண்களுக்கு நேர் எதிர்: போன் கைப்பையில் கிடப்பதால் நடந்ததும் குறைகிறது.

எல்லாமே விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள். பேட்டரி சேவரை அணைத்தாச்சு, உடல் இயக்க அனுமதி கொடுத்தாச்சு, இரண்டு செயலிகள் இரட்டிப்பாக எண்ணியதையும் நிறுத்தியாச்சு. பேன்ட் பாக்கெட்டில் வைத்து 100 அடி எண்ணி நடந்தால் சரியாகவே காட்டுகிறது, ஆகவே சென்சார் பழுதில்லை. சராசரிக்குப் பதில் இடைநிலை (நாள் கணக்குகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுத்தும், தினமும் வண்டி ஓட்டுபவருக்குப் பலனில்லை.

நிமிஷத்துக்கு 100 அடி வீதம் தொடர்ந்து 10 நிமிஷம் போனதை மட்டும் சேர்த்தால் வண்டிக் குலுக்கல் பெருமளவு கழியும் என்பது எங்கள் கணிப்பு. ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்ச் வாங்க வசதியில்லை.

நிமிஷவாரியாக அடிக் கணக்கைக் கோப்பாக இறக்கித் தரும் இலவச ஆண்ட்ராய்டு செயலி எது?