வேலூர் வெயிலும் ஊதாத் தங்கமும்: டிஎன்ஏவால் நானோ துகள் கோத்தவர்கள் எழுதுங்கள்

காட்பாடி ஆய்வு மாணவன்:

டிஎன்ஏ என்றால் பரம்பரை, நோய், ரத்த உறவுச் சோதனை என்றுதான் பேச்சு வருகிறது. அதையே கட்டுமானப் பொருளாக வைத்து வேலை செய்தவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நம் வட்டாரத்தில் நிச்சயம் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவிட்டு சோடியம் சிட்ரேட் ஊற்றினால் மஞ்சள் வெளுத்து, கருநீலமாகி, கடைசியில் அருமையான சிவப்பில் வந்து நிற்கும். அந்தச் சிவப்பில் மிதப்பவை சுமார் 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). சாதாரண டிஎன்ஏ இதில் உறுதியாகப் பிடிக்காது. இழையின் ஒரு முனையில் கந்தகம் உள்ள தயோல் தொகுதியைச் சேர்த்துத் தயாரித்து வாங்குகிறோம். கந்தகம் தங்கத்தை விடவே விடாது.

டிஎன்ஏ இழை என்பது நான்கு வேதி எழுத்துகளின் வரிசை; ஒன்றுக்கொன்று பொருந்தும் வரிசைகள்தான் ஜோடி சேரும். ஒரு குடுவைத் துகள்களுக்கு ஒரு வரிசை இழை, இன்னொரு குடுவைக்கு வேறு வரிசை. இரண்டையும் கலந்தால் ஒன்றும் நடக்காது. பாதி இதற்கும் பாதி அதற்கும் ஜோடியாகும் மூன்றாவது இழையைச் சேர்த்ததும் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அவை நெருங்க நெருங்க ஒளியை உறிஞ்சும் அலைநீளம் நகர்ந்து, சிவப்பு ஊதாவாகிவிடும். 1996-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு, டிஎன்ஏவால் துகள்களை இப்படிக் கோக்கலாம் என்று செய்துகாட்டியது. அவர்கள் கட்டுரை வந்த அதே நேச்சர் இதழில் பெர்க்லியின் பால் அலிவிசாட்டோஸ் குழு, துகள்களை இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் இழையில் வரிசைப்படுத்தியிருந்தது.

என்னை இதில் கட்டிப்போட்டது நம்ம ஊர் வெயில்தான். ஜோடி சேரும் பகுதி குட்டையாக இருந்து உப்பும் குறைவாக இருந்தால், பிணைப்பு குறைந்த சூட்டிலேயே அவிழும். அப்படி ஒரு குழாயை ஏ.சி. இல்லாத அறையில் ஜன்னலோரம் வைத்திருந்தோம். மே மாதம், வெளியே நாற்பதைத் தாண்டிய அனல். காலையில் ஊதாவாகப் பார்த்தது மதியம் சிவந்திருந்தது. மறுநாள் காலை திரும்பவும் ஊதா. தெர்மாமீட்டரை ஒட்டிவைத்து எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாதாரண டிஎன்ஏ பல டிகிரி தூரத்துக்கு மெல்ல மெல்ல அவிழும். துகளில் கட்டிய டிஎன்ஏ ஓரிரு டிகிரிக்குள் மொத்தமாக அவிழ்ந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு ஜோடித் துகளுக்கு இடையிலும் பல இழைகள் சேர்ந்து பிடித்திருக்கின்றன. ஒரே ஒரு எழுத்து பிசகிய வரிசையைக்கூட இந்தக் கூர்மையை வைத்துப் பிரித்துவிடலாம். எழுத்து என்று சொல்வது அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கைத்தான்.

வாலாஜா வேதியியல் ஆசிரியை:

தம்பி, நீங்கள் உப்பு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ராணிப்பேட்டைப் பக்கத்து போர்த் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் செய்துகாட்டுவது இதுதான்: டிஎன்ஏ மாட்டாத வெறும் தங்கக் கூழ்மத்தில் (துகள்கள் மிதக்கும் அந்தச் சிவப்பு நீரில்) அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டால் உடனே நீலமாகிக் கெட்டுவிடும். துகள்களை விலக்கிவைக்கும் மின்னூட்டத்தை உப்பு மறைத்துவிடுகிறது. டிஎன்ஏ மாட்டிய துகளில் அதே தண்ணீரை விடுங்கள், சிவப்பு அப்படியே நிற்கும்.

இரண்டும் நிறம் மாறுவதுதான், ஆனால் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. உப்பால் நீலமானதைச் சூடாக்கிப் பாருங்கள், திரும்பாது. டிஎன்ஏவால் ஊதாவானது திரும்பிவிடும். ஒரு பெண் தானாகவே பர்னரைப் பற்றவைத்து இரண்டையும் வெந்நீரில் வைத்துச் சோதித்தாள். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆரணி நெசவு வீட்டுப் பிள்ளை:

நிறம் மாறுவதோடு நிறுத்திவிடாதீர்கள், இதற்கு அடுத்த படிதான் என் உயிர். 1996-இல் கிடைத்தது ஒழுங்கில்லாத திரள். 2008-இல் மிர்கின் குழுவும் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஓலெக் காங் குழுவும் தனித்தனியே துகள்களைப் படிகமாகவே அடுக்கிவிட்டார்கள். எல்லாத் துகளும் தன் இனத்தோடேயே ஜோடி சேரும் வரிசையைத் தந்தால் முகப்பு மையக் கனசதுரம், அதாவது பெட்டியின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் துகள். இரண்டு வகைத் துகள், ஒன்று மற்றதோடு மட்டும் சேரும் என்றால் பொருள் மையக் கனசதுரம், அதாவது மூலைகளிலும் பெட்டியின் நட்டநடுவிலும் துகள். துகள் அதே தங்கம்தான், இழையில் எழுதியது மட்டும் வேறு. எங்கள் வீட்டு ஜக்கார்டு தறியில் பாவும் ஊடையும் அதுவேதான், அட்டையில் ஓட்டை எங்கே விழுந்திருக்கிறதோ அதன்படி அன்னமோ மயிலோ வரும். அப்பாவிடம் இப்படித்தான் விளக்கினேன். "அப்ப அட்டை அடிக்கிறவன்தான் நீ" என்றார்.

2014-இல் இதையே சில நாட்கள் எடுத்து மெல்ல மெல்லக் குளிரவிட்டு, பன்னிரண்டு முகம் கொண்ட நுண்படிகங்கள் செய்தார்கள். எங்களுக்குக் கரண்ட் போகும் என்ற பயம். அதனால் குழாயை வெந்நீர் நிரம்பிய பெரிய பாத்திரத்தில் மிதக்கவிட்டு, தெர்மாக்கோல் பெட்டியில் மூடிவைக்கிறோம். சிறிய படிகங்களாவது கிடைக்கின்றன.

குடியாத்தம் பெற்றோர்:

என் மகன் பதினொன்றாம் வகுப்பு. படித்துக்காட்டியதிலிருந்து விடமாட்டேன் என்கிறான். வீட்டில் செய்ய முடியுமா சார்?

காட்பாடி ஆய்வு மாணவன்:

வீட்டில் வேண்டாம் சார். தங்க உப்பு விலையும் அதிகம், தோலில் பட்டால் அரிக்கும். குடுவை கழுவவே ராஜ திராவகம் என்ற கடும் அமிலக் கலவை வேண்டும். பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் கேட்டுப் பாருங்கள். தங்கக் கூழ்மம் செய்து காட்ட ஹாட் பிளேட்டும் சிட்ரேட்டும் போதும். தயோல் இழையை மட்டும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். எங்கள் ஆய்வகத்துக்கு வருவதானால் தனிச்செய்தி அனுப்புங்கள், வழிகாட்டியிடம் அனுமதி கேட்டுச் சொல்கிறேன். மே மாதம் என்றால் ஜன்னலோரக் குழாயையும் காட்டலாம்.