வீட்டுச் சரிவில் மண் கரையாமல் இருக்க என்ன நட்டீர்கள்?

குலசேகரத்திலிருந்து:

எங்கள் புரையிடத்தின் (வீட்டு மனையின்) பின்பக்கம் ஓடையை நோக்கிச் சரியும் செம்மண். கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டிலும் மேல்மண் கரைந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கையாலை, அதாவது சரிவைத் தாங்கும் சுவர், கட்டச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் கையாலை நீர் புகுந்து சரிந்து கிடந்ததைப் பார்த்த பிறகு செடிகளையே நம்பினோம்.

முதலில் வெட்டிவேர், எங்கள் ஊரில் ராமச்சம். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரை அடிக்கு ஒரு தூர் வைத்து வரிசை வரிசையாக நட்டோம். இதன் வேர் பக்கத்தில் அதிகம் பரவாது, 10 அடி வரைகூட நேராகக் கீழே இறங்கும். மேலிருந்து வரும் மண் ஒவ்வொரு வரிசையிலும் தங்கித் தங்கி, இப்போது சின்னப் படிகளாகவே ஆகிவிட்டது. அதற்கு நல்ல வெயில் வேண்டும். பலாமர நிழலில் வல்லாரைதான் பிடித்தது.

வரிசைகளுக்கு நடுவில் அராக்கிஸ் பிண்டோய். வேர்க்கடலைச் சாதி, மஞ்சள் பூ, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரும். மழைத்துளி வெறும் மண்ணில் அறையாமல் காக்கும், நைட்ரஜனும் சேர்க்கும். ஆனால் செங்குத்தான இடத்தில் இதை மட்டும் நட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மண்ணைப் பிடித்து நிறுத்துவது வெட்டிவேர்தான்.

ரப்பர் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கு இடையே விடும் மியூக்குனா கொடியைச் சிலர் வீட்டுக்கும் சொல்கிறார்கள். தோட்டத்துக்கு அது அருமையான மூடுபயிர். வீட்டுக்கு வேண்டவே வேண்டாம், எட்டுகிற மரத்திலெல்லாம் ஏறிவிடும்.

ஏற்காட்டிலிருந்து:

தரையில் படரும் வெடேலியா செடி பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி அதைக் கொடுத்தார்கள். பூ ஒரே மாதிரி இருக்கும், இலையைப் பாருங்கள்: வெடேலியா இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், நம் கரிசலாங்கண்ணி இலை பிரியாது. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சீக்கிரம் மூடும் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. ஒடிந்த தண்டு மழைநீரில் போய் எங்கே ஒதுங்கினாலும் வேர் பிடிக்கும். சரிவுக்குக் கீழே ஓடை இருப்பவர்கள் தயவுசெய்து தொடாதீர்கள்.

அப்புறம், நட்ட புதிதில் வேர் பிடிக்கும் வரை மண்ணுக்கு என்ன காவல்?

குலசேகரத்திலிருந்து:

தென்னை நார் வலை. சரிவில் விரித்து மூங்கில் முளை அடித்து, வலைக் கண்களுக்கு நடுவே செடி வைத்தோம். செடி மூடிய பிறகு அது மக்கி மண்ணாகிவிடும். பெருமழைக்குள் வேர் பிடிக்க அவகாசம் வேண்டும், அதனால் முதல் சாரலிலேயே நட்டுவிடுங்கள். வெட்டிவேரின் தாளை அவ்வப்போது முழங்கால் உயரத்துக்கு அறுத்து, மண்ணை மூடும் மூடாக்காக அங்கேயே போடலாம். வேருக்கு நல்ல விலை கிடைக்கிறதே என்று மட்டும் தோண்டிவிடாதீர்கள்.