காயிலில் 100 டிகிரி காட்டுகிறது, ரியாக்‌ஷன் நகரவில்லை. உதவுங்கள்

கந்தகப்பூ: மேக்னடைட் (காந்தத்தன்மை உள்ள இரும்பு ஆக்சைடு) நானோதுகள் மேல் பல்லேடியம் ஏற்றிய கேட்டலிஸ்ட் (வினையூக்கி). இரண்டு கரிமத் துண்டுகளை இணைக்கும் சுசுகி கப்ளிங். எண்ணெய்க் குளியலில் 100 டிகிரியில் அருமையாக முடிகிறது. அதே கலவையை இண்டக்‌ஷன் காயிலுக்குள் (அதன் மாறும் காந்தப்புலம் துகளைச் சூடாக்க வேண்டும்) வைத்தால் மீட்டர் 100 காட்டுகிறது, வினை எவ்வளவு நடந்தது என்று பார்க்கும் டிஎல்சியில் தொடக்கப்பொருள் அப்படியே நிற்கிறது. திங்கட்கிழமை கைடிடம் காட்ட வேண்டும், அவசரம்.

தெற்குவாசல்: ஃப்ரீக்வென்சி? துகள் அளவு? கரைப்பான்? எதை வைத்து வெப்பம் அளக்கிறீர்கள்?

சுருள்வில்: கியூரி வெப்பநிலையைத் தாண்டியிருக்கும். அதற்கு மேல் காந்தத்தன்மை போய்விடும்.

பழையகை: மேக்னடைட்டுக்கு அது 585 டிகிரி. 358இல் போவது நிக்கல். அடிப்படையைப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

மணல்மேடு: துகள்கள் திரண்டு அடியில் படிந்திருக்கும். சோனிகேட் செய்து (மீயொலியால் கலைத்து) பாருங்கள்.

கந்தகப்பூ: 300 கிலோஹெர்ட்ஸ், கரைப்பான் டிஎம்எஃப். வெப்பம் அளப்பது சாதாரண கே-டைப் தெர்மோகப்பிள்தான் (இரண்டு உலோகக் கம்பி சேர்ந்த உணரி).

தெற்குவாசல்: அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். கே-டைப்பில் ஒரு கம்பி அலுமெல், நிக்கல் கலவை. மாறும் காந்தப்புலத்தில் கம்பியே சூடாகும், சிக்னலிலும் இரைச்சல் ஏறும். இரண்டு சோதனை செய்யுங்கள். துகள் போடாமல் வெறும் டிஎம்எஃபை வைத்து ஓட்டுங்கள். அப்புறம் காயிலை நிறுத்திய நொடியில் எண்ணைக் கவனியுங்கள். திரவம் மெதுவாகத்தான் ஆறும். சட்டென்று விழுந்தால் அது கம்பியின் சூடு.

சுருள்வில்: திரவம் குளிர்ந்திருந்தாலும் துகளின் மேற்பரப்பு கொதிக்குமே? வெப்பத்தில் உடையும் அசோ மூலக்கூறைத் துகளில் ஒட்டி அளந்தே காட்டியிருக்கிறார்கள். ரியாக்‌ஷன் நடக்கத்தானே வேண்டும்?

பழையகை: கணக்குப் போடுங்கள். ஆரம் 10 நானோமீட்டர், கிராமுக்கு 500 வாட் என்றாலும், ஒற்றைத் துகளுக்கும் சுற்றியுள்ள திரவத்துக்கும் வித்தியாசம் டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வராது.

சுருள்வில்: அது வழக்கமான வெப்பக் கடத்தலுக்கான ஃபூரியே விதிப்படி. நானோ அளவில் அது அப்படியே செல்லும் என்று யார் சொன்னது?

மணல்மேடு: இதற்குத் தனி இழை தொடங்குங்கள், பாவம் அவர் அவசரத்தில் இருக்கிறார்.

கந்தகப்பூ: நிறுத்தியதும் 100லிருந்து 60க்கு விழுகிறது. துகள் இல்லாமலும் ஏறுகிறது. பக்கத்து லேபில் உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் ஆப்டிக் ப்ரோப் கேட்டிருக்கிறேன். நன்றி அண்ணா.

தெற்குவாசல்: நல்லது. அசல் வெப்பம் 60தான் என்றால் புலத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். 10 நானோமீட்டர் விட்டமுள்ள துகள் இந்த ஃப்ரீக்வென்சியில் சுமாராகத்தான் சூடாகும், 15–20 இருந்தால் நல்லது. துகள் அளவை இன்னும் சொல்லவில்லையே?