மறு: 'ரஜா'வுக்குத் தமிழ்ச் சொல்

அன்பர்களே,

இறைவனின் அருள் கிடைக்கும் என்று மனம் வைப்பதைக் குறிக்கும் அரபுச் சொல் 'ரஜா'. ஹட்டனிலிருந்து எழுதிய தம்பி அதற்குத் தமிழில் 'நம்பிக்கை' என்று போட்டிருந்தார். பேச்சுக்கு அது சரி. நம் இஸ்லாமியக் கலைச்சொல் பட்டியலுக்கு ஒத்துவராது, ஏனென்றால் ஈமானுக்கு, அதாவது இறைவிசுவாசத்துக்கு, அந்தச் சொல்லை எப்போதோ கொடுத்துவிட்டோம். 'எதிர்பார்ப்பு' என்றாலும் போதாது, கெட்டதையும் எதிர்பார்க்கலாமே.

நான் சொல்வது 'ஆதரவு வைத்தல்'. இது புதுச்சொல் அல்ல. அக்குறணை, கம்பளைப் பக்கம் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்டவர்களுக்கு 'ரஹ்மத்தை (இறையருளை) ஆதரவு வைப்பது' பழகிய பேச்சு. குர்ஆன் தமிழாக்கங்களிலும் உண்டு. கட்சிக்குக் கொடுக்கும் ஆதரவோடு குழம்பும் என்றால், 'வைத்தல்' சேர்த்தே பதிவோம்.

இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) தம் பெருநூலான இஹ்யாவின் 40 நூல்களில் 33ஆவதை அச்சத்துக்கும் ரஜாவுக்குமே ஒதுக்கியிருக்கிறார். அங்கே ஓர் உழவரைக் காட்டுகிறார். நல்ல மண்ணில் நல்ல விதை போட்டு, நீர் பாய்ச்சி, களை பறித்து, இனி இடியும் நோயும் தாக்காமல் இறைவன் காக்கட்டும் என்று காத்திருந்தால் அது ரஜா. நல்ல மண்தான், ஆனால் தண்ணீர் இல்லை. மழை அரிதான இடத்தில் மழைக்காகக் காத்திருந்தால் அது தமன்னி. தண்ணீரே ஏறாத மேட்டு உவர்நிலத்தில் விதைத்துவிட்டு, பராமரிக்காமல் அறுவடைக்குக் காத்திருந்தால் அது குரூர். வெலிமடையில் உருளைக்கிழங்கு போடுகிறவருக்கு இதை விளக்கவே தேவையில்லை! பாடுபட்டவர் மட்டுமே ஆதரவு வைக்க முடியும் என்பதுதான் இதன் உயிர். ஆகவே மூன்றுக்கும் மூன்று சொல் கட்டாயம் வேண்டும். தமன்னிக்கு 'வெற்றாசை' பொருந்தும்.

ஆனால் பாடுபடாதவருக்குக் கதவு அடைபட்டதாகவும் எழுதிவிடக் கூடாது. தமக்குத் தாமே அநீதி செய்துகொண்டவர்களையும் அல்லாஹ்வின் அருளில் நிராசை அடைய வேண்டாம் என்கிறது குர்ஆன் (39:53). அங்கே வரும் 'குனூத்'துக்கு 'நிராசை' போதும். 'அவநம்பிக்கை' போட்டால் மறுபடியும் ஈமான் குழப்பம் வரும்.

இன்னொன்றையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். உடம்பில் தெம்புள்ளபோது அச்சம் மேலோங்கட்டும், மரணப் படுக்கையில் ஆதரவு மேலோங்கட்டும் என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் சொல்லியிருக்கிறார்கள். இறைவனைப் பற்றி நல்லெண்ணத்தோடுதான் ஒருவர் இறக்க வேண்டும் என்ற நபிமொழியும் இருக்கிறது. நோயாளியிடம் போய் அவருடைய பாவங்களைக் கிளறாமல் அருளைப் பற்றிப் பேசும் நம் பெரியவர்களின் வழக்கம் இதோடு சேர்ந்தது.

'அமல்' என்னும் நெடிய ஆசை தனிப் பதிவாக வரட்டும். 'அமல்' என்றதும் நம் ஊரில் நற்செயல்தான் நினைவுக்கு வரும். அது அரபியில் வேறு எழுத்தில் தொடங்கும் வேறு சொல், குறிப்பில் போட்டுவிடுவோம். குரூருக்கு 'ஏமாளித்தனம்' சரியா, 'மயக்கம்' சரியா? அரபு மத்ரஸாவில் ஓதியவர்கள் சொல்லுங்கள்.