புத்தகக் கடைகள் எதனால் மூடப்படுகின்றன? எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது?

காவிரிக்கரை (கும்பகோணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1986-இல் தொடங்கிய கடையை இப்போது நான் நடத்தி வருகிறேன். நோட்டுப் புத்தகம், எழுதுபொருள் வியாபாரத்தோடு, ஒரு சுவர் முழுக்கத் தமிழ்ப் புத்தகங்களும் வைத்திருக்கிறோம். சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி அரை மணி நேரம் நின்று ஒரு நாவலைப் புரட்டினார். பிறகு அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்து, என் எதிரிலேயே இணையத்தில் அதை வாங்கிவிட்டு, "போயிட்டு வரேன் அண்ணா" என்று சொல்லிப் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அங்கே விலை அறுபது ரூபாய் குறைவு.

புத்தகச் சுவரை எடுத்துவிட்டுப் பரிசுப் பொருள்கள் வைக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மும்பையில் 1948 முதல் நடந்த ஸ்ட்ராண்ட் புக் ஸ்டால், வாசகர்களுக்கு இருபது விழுக்காடு தள்ளுபடி கொடுத்தே பெயர் பெற்ற கடை. அதுவே 2018-இல் மூடப்பட்டது. இப்படிப்பட்ட கடைகள் விலையால் மட்டுமே வீழ்ந்தனவா, வேறு காரணங்களும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏரிக்கரை வாசகன் (மிச்சிகன்):

நான் வசிக்கும் ஆன் ஆர்பர் நகரில்தான் பார்டர்ஸ் என்ற அமெரிக்கப் பெருங்கடை பிறந்தது. டாம், லூயி என்ற சகோதரர்கள் 1971-இல் தொடங்கியபோது அது பழைய புத்தகம் விற்கும் சிறு கடை. எந்த ஊர்க் கடையில் எந்தப் புத்தகம் ஓடுகிறது என்பதைக் கணக்கிட்டு, அந்தந்த ஊருக்கு ஏற்றபடி சரக்கை அனுப்பும் கணினி முறையை லூயி உருவாக்கியதே அவர்களுடைய வளர்ச்சிக்குக் காரணம். வேலை கேட்டு வருவோருக்குப் புத்தக அறிவைச் சோதிக்கும் தேர்வுகூட வைத்திருந்தார்கள்.

1992-இல் கேமார்ட் என்ற அமெரிக்கப் பல்பொருள் கடை நிறுவனம் அதை வாங்கியது. பிறகு கடைகள் பெருகின. நீண்ட காலக் குத்தகையில் பெரிய பெரிய கட்டடங்களை எடுத்தார்கள். இசைத்தட்டுகளின் காலம் முடியப்போகும் நேரத்தில் அவற்றுக்கே ஏராளமான இடத்தை ஒதுக்கினார்கள். ஆனால் என் மனத்தை உறுத்துவது 2001-இல் அவர்கள் எடுத்த முடிவுதான். இணைய விற்பனை நமக்கு ஒத்துவராது என்று எண்ணி, அந்தப் பொறுப்பை முழுவதுமாக அமேசானிடமே ஒப்படைத்தார்கள். பார்டர்ஸ் பெயரை நம்பி இணையத்துக்குப் போன வாசகர், ஏழு ஆண்டுகள் அமேசானில் வாங்கிப் பழகினார். 2008-இல் சொந்தத் தளம் தொடங்கியபோது அந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது. 2011 பிப்ரவரியில் திவால் மனு. அவ்வாண்டு கடைசிச் சுற்றில் 399 கடைகளும் ஏறத்தாழ 10,700 வேலைகளும் போயின.

கடைசி நாள்களில் ஒருமுறை உள்ளே போயிருந்தேன். புத்தகங்கள் பெரும்பாலும் தீர்ந்துபோய், அவற்றைத் தாங்கியிருந்த மர அடுக்குகளின் மேலும் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

விலை வேறுபாடு உண்மையானதுதான். ஆயினும் வாடிக்கையாளரைத் தாமே கைப்பிடித்து எதிர்க்கடை வாசலில் கொண்டுபோய் விட்டதை விலையின் கணக்கில் எழுத முடியாது.

அச்சுமை (சென்னை):

பதிப்பக விற்பனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். பிரிட்டனில் வாட்டர்ஸ்டோன்ஸ் என்ற பெரிய புத்தகக் கடை நிறுவனம் 2011-இல் ஏறக்குறைய மூழ்கும் நிலையில் இருந்தது. அதை ஏற்று நடத்த வந்தவர் ஜேம்ஸ் டான்ட். 1990-இல் லண்டனில் தம் பெயரில் தனிக்கடை தொடங்கியவர். அதுவரை வாசல் மேசையிலும் கண்ணாடிச் சாளரத்திலும் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்பதைப் பதிப்பகங்கள் கொடுத்த பணம் முடிவுசெய்தது. அவர் அந்தப் பணத்தை மறுத்து, எதை முன்வைப்பது என்ற உரிமையை அந்தந்தக் கடையின் ஊழியர்களிடம் விட்டார். விற்காமல் பதிப்பகத்துக்குத் திரும்பும் கட்டுகள் வெகுவாகக் குறைந்தன. கடைக்கும் தனி முகம் வந்தது. 2019-இல் அமெரிக்காவின் பெரிய புத்தகக் கடை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிளின் பொறுப்பை ஏற்றபோதும் அவர் இதையே செய்தார். ஆட்குறைப்பும் நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடை வாசலில், கண்ணில் முதலில் படும் இடத்தில் என்ன இருக்கிறது? அதை அங்கே வைக்க முடிவுசெய்தவர் யார்?

வெண்கலக்கடை (மதுரை):

மேலே எழுதியவர்களை மதிக்கிறேன். ஆனாலும் விலையை இவ்வளவு எளிதாகத் தள்ளிவைக்க என்னால் முடியவில்லை. நான் பாத்திரக்கடை நடத்துகிறேன். அந்த நாடுகளில் விற்காத புத்தகத்தைப் பதிப்பகத்துக்கே திருப்பிவிடலாம். விற்காத குத்துவிளக்கை நான் யாரிடம் திருப்புவது? என் முதல் முழுவதும் அடுக்கில் முடங்கிக் கிடக்கும்போது, நட்டத்துக்கு விற்றாலும் தாங்கக்கூடிய நிறுவனத்தோடு போட்டியிடுகிறேன். பிரான்சில் 1981 முதலே, புதிய புத்தகத்துக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2023-இல், 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக வாங்கலை வீட்டுக்கு அனுப்பக் குறைந்தது 3 யூரோ வாங்க வேண்டும் என்றும் விதித்தார்கள். கடைக்காரர் திறமை ஒன்றே போதுமென்றால் ஓர் அரசு இவ்வளவு செய்திருக்க வேண்டியதில்லை. நாம் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டியவையும் இருக்கின்றன.

காவிரிக்கரை:

மூவருக்கும் நன்றி. அச்சுமை ஐயா கேட்ட கேள்வி இரண்டு நாள்களாக என்னை விடவில்லை. எங்கள் வாசலில் நிற்பது ஒரு நோட்டுப் புத்தக நிறுவனம் கொடுத்த இரும்பு அடுக்கு. அதற்கு மாதம் எண்ணூறு ரூபாய் தருகிறார்கள். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவர்களுடைய விற்பனையாளரே வந்து அடுக்கிவிட்டுப் போகிறார். புத்தகங்களோ ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் சரியாக எட்டாத சுவரில் இருக்கின்றன. அந்த மாணவி அங்கே தேடிப் போய் அரை மணி நேரம் நின்றிருக்கிறார் என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

மதுரை அண்ணாச்சி சொல்வது முற்றிலும் சரி. அந்த அறுபது ரூபாயை என்னால் குறைக்க முடியாது. இருந்தாலும் இம்மாதக் கணக்கு முடிந்ததும் இரும்பு அடுக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் நானும் என் மனைவியும் படித்து முடித்த முப்பது புத்தகங்களை மட்டும் வைக்கப் போகிறோம். எண்ணூறு ரூபாய் இழப்பு ஈடாகிறதா என்பதைத் தை மாதம் இங்கேயே எழுதுகிறேன்.